ஸ்கூட்டரில் இருந்த இரண்டு சொற்கள்

1

இந்தக் கதை ஒரு திட்டிலிருந்து பிறந்தது. திட்டியவர் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்டர். முதல் வரைவை ஆசை ஆசையாக அவரிடம் படித்துக் காட்டினேன். அது இப்படித் தொடங்கியது:

'பெயிண்டர் தின்னரில் துணியை நனைத்து, ஸ்கூட்டரின் பிளாஸ்டிக் பலகையை அழுத்தித் தேய்த்தார். எழுத்துகள் மாயமாய் மறை—'

"நிறுத்துங்க சார்! தின்னரா? பிளாஸ்டிக்ல தின்னர் ஊத்துனா எழுத்தோட சேந்து பலகையும் கொழகொழன்னு ஆயிடும். கதைல வர்றது நான்தானே? என்னப் போய் இப்படி முட்டாளாக்கிட்டீங்களே!"

வரி பாதியில் நிற்பது அதனால்தான், வாசகரே. அழிக்காமல் விட்டுவைக்கிறேன். எனக்கும் கொஞ்சம் புத்தி வரட்டும்.

2

சரி, முதலிலிருந்து.

பெயிண்டருக்கு ஒரு மச்சினி, மனைவியின் தங்கை. ரத்தம் எடுப்பதில் கைகாரி. ஊசி போட்டு எடுத்த பிறகுதான் "எப்பம்மா குத்துவே?" என்று கேட்பார்கள். ஒரு பரிசோதனைக் கூடத்தில், வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. ஸ்கூட்டர் உரிமம் மட்டும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை நடக்கும் ஓட்டுநர் தேர்வில் தேறிக் காட்டாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

அவளோ தேர்வில் மூன்று முறை கோட்டைவிட்டவள். ஓட்டத் தெரியாமல் இல்லை. ஓட்டுநர் பள்ளி ஸ்கூட்டரில், முழங்காலுக்கு எதிரே இருக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் பலகையில், பள்ளிக்காரர் வெள்ளை எனாமலில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்தார்: 'காலை ஊன்றாதே'. எட்டுப் போடும்போது கால் தரையைத் தொட்டால் தோல்வி. அதை நினைவூட்டத்தான் அந்த உபதேசம். அதைப் படித்த மறுகணம் இவள் கால் தரையில் இருக்கும்.

பள்ளி அந்த வண்டியைக் கழித்துக்கட்டியபோது இவளே அதை வாங்கிவிட்டாள். (ஏன் அதே வண்டி? ஒரு பக்கத்துக்கு மன ஆழமெல்லாம் தோண்டி எழுதியிருந்தேன். "கழுத, வேற வண்டி எனக்குப் பழகல" என்று அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.)

"மாமா, அந்த எழுத்த மட்டும் எடுத்துடுங்க. பலகைல ஒரு கீறல் விழக்கூடாது. இந்த மாடல் பலக இப்ப எங்கயும் கெடைக்காது."

"பெயிண்ட் போகணும், பிளாஸ்டிக்குக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை! ஏன் வாலு, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தானே இருக்கு?"

"அதான் உங்ககிட்ட வந்தேன்."

இதற்கு மேல் எந்த மாமாவால் மறுக்க முடியும்?

3

திங்கட்கிழமை திருகாணிகளைக் கழற்றிப் பலகையை எடுத்தார். அதன் உட்புறத்தில், யார் கண்ணிலும் படாத மூலையில், பெயிண்டை மெல்ல உரிக்கும் பிரேக் ஆயிலில் ஒரு சொட்டு வைத்தார். அரை நாள் காத்திருந்தார். பிளாஸ்டிக் இளகவில்லை, வெளுக்கவில்லை, பிசுபிசுக்கவில்லை. அதற்கப்புறம்தான் எழுத்துகளின் மேல் பிரஷ்ஷால் தடவி, பாலிதீன் தாளால் மூடினார்.

(இந்த இடத்தில் கதைக்கு ஒரு விபத்து வேண்டும் என்று கை துறுதுறுத்தது. எதையாவது கவிழ்த்துவிடலாமா? "ஆக்கப் பொறுத்தவரு ஆறப் பொறுக்க மாட்டீங்களா?" என்றார் பெயிண்டர்.)

வெள்ளை மெல்ல உப்பி, சுருங்கி, தோல் உரிவதைப் போலக் கிளம்பியது. இரும்புத் தகடு கிழித்துவிடும் என்பதால், காலாவதியான ஒரு பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் வழித்தார். இடுக்குகளுக்குப் பழைய பல் பிரஷ். கடைசியில் சோப்புத் தண்ணீர். திரும்பவும் தடவல், திரும்பவும் காத்திருப்பு. மச்சினியின் வேலையே தன் கையில் இருக்கிறது என்று அவருக்கு உள்ளூர உதறல். மனைவியிடம்கூட அதைச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்கிறீர்களா? எழுதுகிறவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் எப்படி?

4

வியாழக்கிழமை பகலில் பலகையைத் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு பொட்டு வெள்ளை இல்லை. ஒரு கீறல் இல்லை.

ஆனால் எழுத்து இருந்தது.

பல வருடம் பள்ளி மைதானத்தில் வெயிலில் நின்ற வண்டி. பலகை முழுக்க வெளுத்துப்போயிருந்தது. எனாமல் மூடியிருந்த இடத்தில் மட்டும் வெயில் படவில்லை. அங்கே புத்தம்புதுச் சிவப்பில், முன்பைவிடத் தெளிவாக: காலை ஊன்றாதே.

பெயிண்டர் வாய் பிளந்து நின்றார். மச்சினி அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள். பலகையைப் பார்த்தாள், மாமாவின் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று அவர் பதறிப்போனார்.

"ஐயோ மாமா... உங்க மூஞ்சி! மூணு நாளா தேச்சு, பளபளன்னு ஆக்கிக் குடுத்திருக்கீங்களே!"

"சிரிக்காத. மேல சிவப்பு அடிச்சுத் தர்றேன். காலைல காஞ்சிடும்."

"ஒண்ணும் வேணாம், அப்படியே மாட்டுங்க. இனிமே இதப் பாத்தா எனக்கு உங்க மூஞ்சிதான் ஞாபகம் வரும்."

அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா, எனக்கும்தான்.

5

முடிவு ஒன்று: நான்காம் முறையும் கால் ஊன்றினாள், வாழ்க்கை என்பது… (எழுதியவன் கையில் பிரேக் ஆயில் ஊற்ற வேண்டும்.)

முடிவு இரண்டு: தேறினாள், மாலை மரியாதை, ஆனந்தக் கண்ணீர். ("கொஞ்சம் ஓவர் சார்" என்றார் பெயிண்டர்.)

முடிவு மூன்று: வெள்ளிக்கிழமை. மைதானம். வேலிக்கு வெளியே பெயிண்டர் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். அவள் முதல் வளைவில் குனிகிறாள், இரண்டு சொற்களும் கண்ணில் படுகின்றன, தோள் குலுங்குகிறது. பயத்தில் இல்லை, சிரிப்பில். எட்டு முடிந்துவிட்டது. இரண்டு கால்களும் வண்டியில்தான் இருக்கின்றன.

"போதும்மா, நிறுத்து!" என்கிறார் ஆய்வாளர்.

"இன்னும் ஒரே ஒரு ரவுண்டு சார்!"

"வாலு! வாலு!" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறார் பெயிண்டர், நாற்பது வயது மனிதர்.

இங்கே நான் ஒரு முற்றுப்புள்ளி வைத்தால் வண்டி நிற்கும், அவள் காலைத் தரையில் ஊன்றியாக வேண்டும். என்னால் ஆகாது. உங்களுக்கு மனசு வந்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதுவரைக்கும் அவள் சாய்ந்து, வளைந்து, நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே மறுபடியும் சாய்ந்து, வளைந்து