கொரினுக்குப் பின்னால் போன ஊற்று

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை, ரைனி குடும்பத்து ஊற்று, கல்யாணமாகிப் போன மகளுக்குப் பின்னால் கிளம்பி, எல்ம்வில்லில் இருக்கும் அவள் புருஷன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. சாலையோரப் புல்லை ஒட்டியே போனது, யாருடைய வயலிலும் இறங்கவில்லை. ரயில் பாதையருகே நிலக்கரி வண்டி கடக்கும்வரை குட்டையாகத் தேங்கி நின்றது. தன் கார் முந்தும்போது ஒதுங்கி வழிவிட்டதாகத் தபால்காரர் சொன்னார். கடைசியில் டெல்மர் ஷூமேக்கின் சமையலறையில், அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே, தரைப்பலகை இடுக்கு வழியாக மேலே வந்து குமிழியிட்டது.

கென்டக்கியில் எங்கள் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வரும் தண்ணீர் எல்லாமே நல்ல தண்ணீர்தான். ஆனால் ஆம்ப்ரோஸ் ரைனியின் ஊற்றில் இரும்புச் சுவை துளியும் கிடையாது. அவர் தாத்தா அதற்காகவே அங்கே சரக்குக் காய்ச்சும் செப்புக் கொப்பரையை நட்டார். சோளமும் கொஞ்சம் ரை தானியமும் முளைகட்டிய பார்லியும் அந்தத் தண்ணீரில் புளித்து, கொப்பரையில் கொதித்து வடிந்து, உள்பக்கம் கருக்கிய ஓக் பீப்பாய்களில் வருஷக்கணக்கில் உறங்கி பூர்பன் விஸ்கியாக எழுந்திருக்கும். இலையுதிர் காலத்தில் ஆம்ப்ரோஸின் மகள் கொரின் கிடங்கில் ஏறி, பீப்பாய் பீப்பாயாக முகர்ந்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் சிலவற்றை மட்டும் பொறுக்குவாள். அவற்றைக் கலந்தால் ஒரு ஈடு. பெரிய கம்பெனிகள் ஏரியளவு கலக்கும் நாட்டில் ரைனி சரக்கு சின்னச் சின்ன ஈடாகவே வெளியே வந்தது. பாட்டிலில் ஆம்ப்ரோஸின் பெயர் இருந்தது.

டெல்மர் மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தான். பாப்டிஸ்ட் சபையில் பொறுப்பில் இருந்தான். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு தொட்டதில்லை. கொரின் அவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது, கத்தோலிக்கரான ஆம்ப்ரோஸுக்குச் சபை வேறு என்பதைவிட மற்றதுதான் உறுத்தியது.

"குடிக்காதவனக் கட்டிக்கிட்டு என்னம்மா பண்ணுவ? ஞாயித்துக்கிழம பூரா லெமனேட் குடிச்சிக்கிட்டு மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பியா?"

"உங்க கூட்டாளிங்க குடிச்சிட்டுப் பேசறதக் கேட்டே வளந்தவ நான். கொஞ்சம் அமைதி கிடைச்சா நல்லதுதாம்பா."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப இங்க உன்னோடது எதுவோ அத எடுத்துக்கிட்டுப் போ," என்றார். அவள் துணிப்பெட்டியையும் சோள ரொட்டி சுடும் இரும்புச் சட்டியையும் எடுத்துக்கொண்டாள். ஊற்று மூட்டை கட்டவோ என்னவோ கொஞ்சம் தாமதித்து, திங்கட்கிழமை கிளம்பியது.

ஆம்ப்ரோஸ் வேறு கிணற்றுத் தண்ணீரில் காய்ச்சிப் பார்த்தார். அதிலிருந்த இரும்பால் சரக்கு மைபோலக் கறுத்தது. மிச்சச் சக்கையைத் தின்ன வழக்கமாக முண்டியடிக்கும் பன்றிகள் முகர்ந்துவிட்டு வேலியோரம் போய்ப் படுத்துக்கொண்டன. பால் லாரி ஒன்றைப் பிடித்து டெல்மர் வீட்டுக்கு அனுப்பினார். டெல்மர் மறுக்காமல் நிரப்பிவிட்டான். ஊர் எல்லையைத் தாண்டியதும் லாரி காலி, சமையலறையில் குமிழி இரட்டிப்பு. கோடையில் தானியம் புளிக்கவைக்கும் மரத் தொட்டிகள் காய்ந்து விரிசல் விட்டன. கொப்பரைக்குத் தீ போடுகிறவர்கள் நிழலில் உட்கார்ந்து லாடம் எறிந்து விளையாடினார்கள். இன்னொரு குளிர்காலம் இப்படிப் போனால் அவர்கள் வேறு வேலை தேட வேண்டியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து, ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எல்ம்வில் வீட்டு வாசலில் நின்றார். டெல்மர் கதவைத் திறந்து, "வாங்க மிஸ்டர் ரைனி, கோழி பொரிச்சிருக்கு," என்றான். கொரின் அவர் முன்னால் கோழித் தட்டையும், மொண்டெடுத்த ஒரு டம்ளர் தண்ணீரையும் வைத்தாள். அவர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் தண்ணி கேட்டு வரல."

"பின்ன?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு. கொஞ்சம் இளச்ச மாதிரி இருக்கு."

"நானா, தண்ணியா?"

டெல்மர்தான் முதலில் சிரித்தான். ஆம்ப்ரோஸ் தொப்பியை மேசைமேல் வைத்தார். "உன்னோடத எடுத்துக்கிட்டுப் போன்னு சொன்னேன். எதெல்லாம் உன்னோடதுன்னு எனக்கே தெரியலம்மா. பொறுக்கினது நீ, பேரு போட்டுக்கிட்டது நான்."

"பாட்டில்ல என் பேரும் இருக்கணும். ஞாயித்துக்கிழம இங்க சாப்பிடணும், இவரு பக்கத்துல உக்காந்து."

"வாரா வாரமா?"

"வாரா வாரம்."

ஆம்ப்ரோஸ் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றார். "கோழி நல்லாத்தான் இருக்கு," என்றார்.

டெல்மர் சபையைக் கூட்டி, ஊற்று இனி சரக்குக் காய்ச்சப் போகும் என்பதை மறைக்காமல் சொன்னான். ஆராதனைக்குப் பிறகு கொடுக்கும் காபி, அந்த ஊற்று வந்ததிலிருந்துதான் வாயில் வைக்கும்படி இருந்தது என்பதை யாரும் மறக்கவில்லை. எல்ம்வில்லில் இருக்கும்வரை தண்ணீர் தண்ணீரே, பள்ளத்தாக்குக்குப் போய் அது என்ன ஆகிறது என்பது கத்தோலிக்கர் பாடு என்று தீர்மானமாயிற்று. அதிலிருந்து தினமும் காலையில் கொரின் அப்பா வீட்டுக்கு வண்டியெடுத்தால் ஊற்று பின்னால் வரும், பழைய கல்தொட்டியில் இறங்கி வேலை பார்க்கும், சாயங்காலம் அவளோடு திரும்பும். நெடுஞ்சாலைத் துறை 'சாலை ஈரம்' என்று பலகை வைத்தது.

அந்த வருஷத்துச் சரக்கு பல கோடைகளில் பீப்பாயின் ஓக் மரத்துக்குள் ஊறி, பல குளிர்காலங்களில் வெளியே வந்து, ஒரு நாள் அப்பா பெயரும் மகள் பெயருமாகப் பாட்டிலில் ஏறியது. ஆம்ப்ரோஸ் ஒரு கிளாஸை மருமகனிடம் நீட்டி, "குடிக்க வேணாம், மோந்து மட்டும் பாரு," என்றார். டெல்மர் கண்ணை மூடி முகர்ந்தான். "மழ பெஞ்ச சோளக்கொல்ல மாதிரி இருக்கு," என்றான். ஆம்ப்ரோஸ் அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

பிறகு கொரினுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அது தவழ ஆரம்பித்தபோது பின்னாலேயே ஒரு நூலளவு ஈரம் வந்தது. புது ஊற்றா, குழந்தைகள் வழக்கமாகச் செய்வதா என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கும் வேலை தாத்தாவுக்கு வந்தது. சில சமயம் அது, சில சமயம் இது. டெல்மர் கூடத்துக் கம்பளத்தைச் சுருட்டி மாடியில் போட்டுவிட்டு, வீடு முழுக்க, துடைத்தெடுக்க லேசான லினோலியம் விரித்தான்.