ஆணியில் தொங்கிய சிரட்டைகள்

தோழர்களே, ஓர் ஆணியைப் பார்க்க வாருங்கள். பினாங்கில், சூலியா தெருவுக்குப் பின்புறச் சந்தில், அந்தி சாய்ந்ததும் கூடுகிற பாசார்ச் சந்தையில், அய்யாக்கண்ணுவின் ஆப்பக்கடைக் கம்பத்தில் அது அடிக்கப்பட்டிருந்தது. அந்த ஆணியில் தேங்காய்ச் சிரட்டைகள் சில கயிறு கோத்துத் தொங்கின. கடைக்கு வந்த அனைவரும் அவற்றைக் கண்டார்கள். கண்டுகொண்டே கண்ணாடிக் கிளாசில் தேநீர் குடித்தார்கள். எவருக்கும் தொண்டையில் சிக்கவில்லை. அந்த அநியாயத்துக்குத்தான் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன்.

கடலுக்கு அக்கரையில், பிறை என்னும் ஊரில் மாட்டுவண்டி வைத்துப் பிழைப்பவர் வைத்திலிங்கம். அய்யாக்கண்ணுவின் மகள் அஞ்சலையை அவருடைய மகனுக்குப் பேசியிருந்தார்கள். தண்ணீர்மலை முருகன் கோயில் திருவிழாவில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பிடித்துப்போய், பேச்சு வளர்ந்திருந்தது. ஆண்கள் இன்னும் முகம் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால், தாம் இன்னாரென்று காட்டிக்கொள்ளாமல், சம்பந்தியாக வரப்போகிறவரின் கடையில் ஒருவேளை தின்று பார்த்துவிட வேண்டும் என்று வைத்திலிங்கத்துக்கு ஆசை. கடை நடத்துகிற முறையில் குடும்பம் தெரிந்துவிடும் என்பது அவர் எண்ணம். நல்ல வேட்டியைப் பெட்டியில் விட்டுவிட்டு, வண்டி ஓட்டும்போது போடும் காக்கிச் சட்டையோடு மனைவி சவுந்தரத்தை அழைத்துக்கொண்டு படகேறி வந்திருந்தார். சவுந்தரத்தை அறிந்த அஞ்சலை இரவில் கடையில் இருக்கமாட்டாள் என்று நினைத்திருந்தார்.

கார்பைட் விளக்குகள் சீறிக்கொண்டு எரிந்தன. ஹபீப் முகம்மதுவின் இரும்புச் சட்டியில் மாவிழை இழையாக மீ புரண்டது. அவருடைய பலகையில் துறைமுகக் கூலியும், கோட்டுப் போட்ட ஆபீஸ் கிராணியும், பாய் முடைந்து விற்கும் மலாய்க்காரரும் முழங்கை உரச உட்கார்ந்து தின்றார்கள். ஒருவர் வைத்த தட்டு ஒரே வாளியில் முங்கி எழுந்து அடுத்தவர் கைக்குப் போயிற்று. வைத்திலிங்கமும் அங்கே ஒரு தட்டு வாங்கித் தின்றார். பக்கத்தில் இருப்பவன் யார் என்று அவரும் கேட்கவில்லை. அவரையும் எவரும் கேட்கவில்லை.

அதற்கப்பால் பழைய சாமான் கடை விரித்திருந்த சீனரிடம் நீண்ட மூங்கில் கைப்பிடி போட்ட துடைப்பம் ஒன்று கிடந்தது. மாட்டுக் கொட்டகைக்கு வாகாக இருக்கும் என்று வைத்திலிங்கம் அதை எடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

"பாகுஸ், தவுக்கே. நல்லாத்தான் இருக்கு மொதலாளி. ஆனா வெல அதிகம் லா."

"அதிகமா? இது பெருக்காது, தானா ஓடும்!" என்று சீனர் பாசார்த் தமிழில் சிரித்தார். பேரம் ஏறி இறங்கி, சொன்ன விலையில் பாதிக்குத் துடைப்பம் கைமாறியது.

சவுந்தரம் தலையில் அடித்துக்கொண்டாள். "பொண்ணு வூட்டக் கண்ணால பாக்க வந்த மனுசன் தொடப்பத்தத் தோள்ல வச்சிக்கிட்டுப் போறாரே! கூட நடக்க எனக்கே வெக்கமா இருக்கு. நீங்க முன்ன போங்க, நான் வளையல் பாத்துட்டு வர்றேன்."

"பாதி வெலைடி!"

"மானமும் பாதி வெலைக்குப் போவுது, போங்க."

இப்படித்தான் வைத்திலிங்கம் காக்கிச் சட்டையும் நீண்ட துடைப்பமுமாக அய்யாக்கண்ணுவின் கடை வாசலில் போய் நின்றார். நகரசபையின் தெருக்கூட்டிகளுக்கும் அதே காக்கி, அதே துடைப்பம்.

அய்யாக்கண்ணு கடுஞ்சொல் பேசுகிறவரல்லர். வாங்குப் பலகையில் உட்காரப் போனவரைப் பார்த்து இனிமையாகவே சொன்னார்: "அண்ணே, அந்தாண்ட குந்துங்களேன். சாக்கடைப் பக்கம் காத்து ஜில்லுனு வரும்."

சம்பந்தி நல்ல குணசாலி என்று வைத்திலிங்கம் மனத்துக்குள் மெச்சிக்கொண்டார். சாக்கடை வாய்க்கால் ஓரத்தில் கவிழ்த்திருந்த பெட்டியின்மேல் போய் உட்கார்ந்தார். அங்கே ஏற்கெனவே ஒருவர் குந்தியிருந்தார். சற்று நேரத்தில் வாழையிலைத் துண்டில் ஆப்பம் வந்தது. அய்யாக்கண்ணு அதைக் கையில் கொடுக்கவில்லை. எட்ட நின்று தரையில் வைத்துவிட்டு நகர்ந்தார். பிறகு ஆணியிலிருந்து ஒரு சிரட்டையைக் கழற்றிக் கீழே வைத்து, உயரத்திலிருந்து தேநீரை ஊற்றினார். ஒரு துளியும் சிந்தவில்லை. எத்தனை நாள் பழகிய கை!

வைத்திலிங்கத்துக்குக் காற்றின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. "யாருக்கய்யா சிரட்டையில ஊத்துற? நான் யாருன்னு தெரியுமா?" என்னும் வாக்கியம் வயிற்றிலிருந்து கிளம்பி நாக்குவரை வந்துவிட்டது.

"துண்டு முனைய அடியில குடுத்துப் புடிங்க. சிரட்டை சுடும்," என்றார் பக்கத்தில் இருந்தவர். தம் துண்டை மடித்து எப்படிப் பிடிப்பதென்று காட்டவும் செய்தார். "வேலைக்குப் புதுசா? எந்த ரோட்டுல போட்டிருக்காங்க?"

வைத்திலிங்கம், "ஒங்க பேரு?" என்றார்.

"சூசை. மாதா கோயில்ல சாமியாரு வச்ச பேரு. பேரு புதுசு, சிரட்டை பழசு." அவர் தம் பேச்சுக்குத் தாமே மெல்லச் சிரித்தார். "ஆனா இவரு ஆப்பம் இருக்கே, அதுக்கு ஈடு கெடையாது. அதான் வர்றது."

நாக்கில் நின்ற வாக்கியத்தை வைத்திலிங்கம் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். 'நான் அந்த ஆள் இல்லை' என்று சொன்னால் கிளாஸ் வந்துவிடும். வாங்கிலும் இடம் வரும். ஆனால், 'அந்த ஆள்' இங்கேயே, துண்டை மடித்துக் காட்டிய கையோடு உட்கார்ந்திருக்கிறாரே! அவர் முகத்துக்கு நேரே அதை எப்படிச் சொல்வது? அதைவிடக் கசப்பான இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பிறையில், அவருடைய மாட்டுக் கொட்டகைக் கூரையிலும் ஒரு சிரட்டை செருகியிருந்தது. வாய்க்கால் அள்ள வருபவருக்கு அதில்தான் கஞ்சி. அந்த மனிதர் அதை எப்படிப் பிடிப்பார், விரல் சுடுமா என்று அவர் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. தோழர்களே, கை சுட்ட பிறகுதான் நம்மில் பலருக்குக் கண் திறக்கிறது.

வைத்திலிங்கம் தம் தோள்துண்டை மடித்துச் சிரட்டையைப் பிடித்தார். வாக்கியத்தை விழுங்கினார், தேநீரையும் குடித்தார்.

அந்த நேரத்தில் சவுந்தரம் கை நிறைய வளையலோடு வந்து சேர்ந்தாள். கடைக்குப் பின்னால் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த அஞ்சலை அவளைக் கண்டதும் எழுந்து, "வாங்கத்தே!" என்றாள். சவுந்தரத்தின் பார்வை வாய்க்கால் பக்கம் போயிற்று. தன் புருஷன் கையில் இருந்தது என்னவென்று தெரிந்ததும், வளையல் பொட்டலம் கை நழுவி வாங்கின்மேல் விழுந்தது.

அய்யாக்கண்ணு மகளைப் பார்த்தார், சவுந்தரத்தைப் பார்த்தார், பெட்டியின்மேல் இருந்தவரைப் பார்த்தார். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"சம்பந்தி! ஐயையோ, தெரியாமப் போச்சு சம்பந்தி! தொடப்பத்தப் பாத்து ஏமாந்துட்டேன்." தம் தோள்துண்டால் வாங்கைத் துடைத்தார். "இப்படி வந்து ஒக்காருங்க. அஞ்சல, நல்ல கிளாசு எடு!"

"தெரிஞ்சிருந்தா?" என்றார் வைத்திலிங்கம் அமைதியாக.

"தெரிஞ்சிருந்தா நடக்குமா? நம்ம ஆளுக்குப் போயி..."

"அப்ப சூசைக்குத் தெரிஞ்சேதான் குடுக்குறீங்க."

அய்யாக்கண்ணு வாங்கைத் துடைப்பதை நிறுத்தினார். சவுந்தரம் கொதித்தாள். "எந்திரிங்க, போவலாம். மாப்புள வூட்டுக்காரரச் சாக்கடையில குந்தவச்ச எடத்துல பொண்ணு எடுக்கணும்னு நமக்கு எழுதியா வச்சிருக்கு?"

கழுவிய கிளாசைப் பிடித்தபடி அஞ்சலை அசையாமல் நின்றாள். தன் கல்யாணம் அந்தச் சிரட்டைக்குள் இருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்தது.

"பொண்ணு மேல குத்தமில்ல, சவுந்தரம். சிரட்டை நம்ம கொட்டாயிலயும் இருக்கு," என்றார் வைத்திலிங்கம். பிறகு அய்யாக்கண்ணுவிடம் திரும்பினார். "எங்க வூட்டுச் சிரட்டை இன்னிக்கு ராத்திரி அடுப்புக்குப் போயிரும். வெள்ளிக்கிழம வெத்தல பாக்கோட வர்றோம். அன்னிக்கு இந்த ஆணி வெறுமையா இருந்தா தட்டு மாத்துவோம். இல்லன்னா ஆப்பம் நல்லா இருந்துச்சின்னு சொல்லிட்டுப் போயிருவோம்."

"வாங்குல இருக்கறவங்க எந்திரிச்சிப் போயிருவாங்க சம்பந்தி. பொழப்பு..."

"ஹபீப் பாய் கடையில யாரும் எந்திரிக்கலியே?"

வெள்ளிக்கிழமைவரை காத்திருக்க அஞ்சலைக்கு மனமில்லை. அப்பாவிடம் உத்தரவும் கேட்கவில்லை. ஆணியிலிருந்த சிரட்டைகளைக் கயிற்றோடு கழற்றினாள். மாமனாராக வரப்போகிறவர் கையிலிருந்ததையும், சூசையின் கையிலிருந்ததையும் வாங்கினாள். எல்லாவற்றையும் ஆப்பச்சட்டிக்குக் கீழே தள்ளினாள். காய்ந்த சிரட்டை அல்லவா? குப்பென்று பற்றிக்கொண்டது. சட்டியில் இருந்த ஆப்பத்தின் ஓரம் கருகி மணத்தது.

வாங்கில் இருந்த கிராணி ஒருவர் கிளாசைப் பாதியில் வைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார். அவருக்கு அடுத்திருந்தவர் போகிறவரைப் பார்த்தார். கருகிய ஆப்பத்தைப் பார்த்தார். காலை மடக்கிச் சற்றே நகர்ந்து, பக்கத்தில் இடம்விட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

"சூசண்ணே, வாங்க," என்றாள் அஞ்சலை.

சூசை உடனே வந்துவிடவில்லை. வாங்கை நம்பாதவர்போல அதன் நுனியில் மெல்ல உட்கார்ந்தார். அய்யாக்கண்ணு இரண்டு கிளாசில் தேநீர் ஊற்றினார். சிரட்டையில் ஒரு துளி சிந்தாத கை, கிளாசில் ஊற்றும்போது சிந்திற்று. வைத்திலிங்கத்தின் கையில் ஒன்றும், சூசையின் கையில் ஒன்றும் கொடுத்தார். சூசை பழக்கதோஷத்தால் துண்டு முனையை மடித்து அடியில் கொடுத்தார். பிறகு துண்டை எடுத்துவிட்டுக் கிளாசை வெறும் விரலால் பிடித்துக்கொண்டார்.

"தட்டு மாத்துறது இருக்கட்டும். இந்தத் தொடப்பத்தப் படகுவரைக்கும் யாரு தூக்கறது?" என்றாள் சவுந்தரம். கோபம் முழுவதும் தணிந்தபாடில்லை.

"நானே தூக்குறேன்," என்றார் வைத்திலிங்கம். "எல்லாரும் பாக்கட்டும்."

தோழர்களே, ஒரு பாசாரில் ஓர் ஆணிதான் வெறுமையாயிற்று. உங்கள் ஊரில் இன்னும் எத்தனை? இன்று மாலையே பாசாருக்குப் போங்கள். பேரம் பேசுங்கள், வயிறாரத் தின்னுங்கள். ஆனால் கிளாசை வாய்க்குக் கொண்டுபோகுமுன் கடைக் கம்பத்தை நிமிர்ந்து பாருங்கள். சிரட்டை தொங்கினால் கிளாசைக் கீழே வையுங்கள். "அவருக்கும் இதிலேயே கொடு" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கொடுக்கும்வரை அந்தக் கடையில் ஒரு வாய் குடிக்காதீர்கள். வீடு திரும்பியதும் விளக்கை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் செல்லுங்கள். உங்கள் கூரையிலும் கையை விட்டுத் தேடுங்கள். அகப்படுவதை அடுப்பில் போடுங்கள்!