மீனுக்குச் சுற்றிய சூடம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் வசந்தன் மீனுக்குத் திருஷ்டி சுற்றினார். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரான பத்து பாகாட்டில் இப்போது பூசணிக்காய்க்குப் பதிலாக வாசலுக்கு நேராக அரோவானா மீனை வைக்கிறவர்கள் உண்டு. வருகிறவர் கண் முதலில் மீன்மேல் விழும், வீட்டுக்கு வரும் கெடுதலை அது வாங்கிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. வசந்தனும் அப்படித்தான் அதை வாங்கி வந்தார். ஆனால் தொட்டி கழுவுவது, தீனி போடுவது, வெளியூர் போகாமல் காவல் இருப்பது எல்லாம் நான்தான்.

திங்கட்கிழமை நான் வெளியூரில், செடெனாக்கில், வேலைக்குச் சேர வேண்டும். சட்டை தைத்துக்கொண்டிருந்த ஃபேக்டரி மூடியதிலிருந்து வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, யாரிடம் பேசினாலும் எரிந்து விழும் அளவுக்கு வந்துவிட்டேன். செடெனாக்கில் புதிதாகக் கட்டிய டேட்டா சென்டர் ஒன்றில் துப்புரவு ஆட்களுக்கு சூப்பர்வைசர் வேலை. தங்க அறை கொடுக்கிறார்கள். வார நாளெல்லாம் அங்கே, வெள்ளி இரவு வீடு. வசந்தன் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "பார்க்கலாம் லா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எனக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிட்டு, மீனுக்கும் சூடம் காட்டணும் என்றார். ஹால் விளக்கை அணைத்தார். தொட்டி விளக்கையும் அணைத்தார். மேலே இருந்த கண்ணாடி மூடியைப் பாதி தள்ளினார்.

"அத ஏங்க திறக்கிறீங்க?"

"மூடி வச்சா திருஷ்டி எப்படிப் போகும்?"

கும்மிருட்டில் சூடம் குப்பென்று பிடித்தது. அவர் தட்டைத் தண்ணீருக்கு மேலே நீட்டியதுதான் தாமதம், மீன் எகிறியது. பாதி திறந்த கண்ணாடியின் விளிம்பில் தலை மோதிய சத்தம் கேட்டது. விளக்கைப் போட்டேன். ஒரு பக்கத்துச் செவுள் மூடி கிழிந்து தொங்கியது. செதில்கள் மிதந்தன. மீன் சாய்ந்தபடி அடியில் கிடந்தது. சூடம் காட்டியவர் அணைந்த தட்டோடு அப்படியே நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்.

"உனக்கு வர இருந்தது, பிரேமா. இது வாங்கிக்கிச்சு."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே மரத்தை உலுக்கியவரே காக்கையைக் கைகாட்டினார். நான் குனிந்து மீனைப் பார்த்தேன். அதற்குள் அவர் காஹாங்கில் இருக்கும் தன் அக்காவுக்குப் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். நாத்தனார் தனலெட்சுமியிடமிருந்து உடனே குரல் செய்தி வந்தது. "அலமாக்! சாமி காட்டிருச்சு பிரேமா. எங்கயும் போகாத. மஞ்சத்தூள கரைச்சு தொட்டியில ஊத்து, புண்ணு ஆறிரும்."

மஞ்சளை நான் ஊற்றவில்லை. மீனைக் குழம்பில் போடுவோம், குழம்பு மசாலாவை மீன் தொட்டியில் போடச் சொன்னால் எப்படி? மீன் வாங்கிய கடைக்குப் போன் செய்து கேட்டேன். விளக்கைப் போடாதே, தீனி போடாதே, வாளியில் பிடித்து வைத்த தண்ணீரால் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்று, மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பைக் கரைத்து விடு என்றார்கள். சனிக்கிழமை முழுதும் அதைத்தான் செய்தேன். வாளி வாளியாகத் தூக்கி முதுகு கழன்றது.

தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மீன் மூலையில் நின்று ஒரு பக்கத்துச் செவுளால் மூச்சு வாங்கியது. வாங்கி வந்தபோது உள்ளங்கை நீளம் இருந்தது. இப்போது திரும்ப வேண்டுமென்றால் உடம்பை வில்லாக வளைக்க வேண்டும். அடிபட்டதிலிருந்து அது வளையவில்லை, ஒரே பக்கம் பார்த்தே நின்றது. பாவமாக இருந்தது. அதன்மேல் கோபமாகவும் இருந்தது. இப்படி எகிறுவதற்கு வேறு நாள் கிடைக்கவில்லையா உனக்கு என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

எப்படி யோசித்தாலும் ஒரே முடிவுதான் வந்தது. மீன் செத்தால் அபசகுனம், நான் போகக் கூடாது. பிழைத்தால், நான் போகாமல் இருந்து பார்த்ததால் பிழைத்தது, இனியும் போகக் கூடாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவரோ காபி கலக்கிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, "நீ சாப்டியா மா?" என்று கேட்டார். அன்பாகக் கதவைச் சாத்துகிறவரை எப்படித் தள்ளிக்கொண்டு போவது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என்னை செடெனாக்குக்கு ஏற்றிப்போக வேண்டிய வேன்காரர் போனில் அழைத்தார். காலையில் வாசலுக்கு வரவா, மெயின் ரோட்டில் நிற்கிறீர்களா என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அப்புறம் என்று சொன்னதும் அழுகை வந்தது. என் துணிப்பை அறையில் கட்டியபடியே இருந்தது. அதைத் திறந்து சட்டைகளை எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்க ஆரம்பித்தேன். இரண்டாவது சட்டையைக் கையில் எடுத்தபோது ஹாலில் தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டது.

ஓடினேன். வசந்தன் தொட்டிக்கு முன்னால் தட்டோடு நின்றார். தீக்குச்சி கையில் எரிந்தது. மீன் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

"அணைங்க!"

ஊதி அணைத்தார். "உசுரோட இருக்குல்ல, சாமிக்கு ஒரு நன்றி..."

"எந்தச் சாமிக்குங்க? இருட்டுல நெருப்பக் காட்டுனது நீங்க. மூடியத் திறந்தது நீங்க. பயந்து எகிறுச்சு. எனக்கு வந்ததும் இல்ல, அது வாங்குனதும் இல்ல. உங்க கையால அடிபட்டுச்சு. நான் கண்ணால பார்த்தேன்."

சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் சண்டை போடவில்லை. தட்டைக் கீழே வைத்தார். சோபாவில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்ன தெரியும்?"

"எனக்குப் பயந்துதான் எகிறுச்சுன்னு. அன்னிக்கே தெரியும்." தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பிள்ளை குட்டியும் இல்ல. வேலை முடிஞ்சு டயர் கடையில இருந்து வந்தா நீ இருப்பே. நீயும் போயிட்டா இந்த வீட்ல நான் என்ன பண்றது பிரேமா? வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இரண்டு நாள் ஒரு மீனைக் காட்டி என்னைக் கட்டிப்போட்டிருக்கிறார், அக்காவையும் சாட்சிக்கு வைத்திருக்கிறார். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் ஏதோ இளகியது. சாமி சொன்னது, சகுனம் சொன்னது என்றால் நான் யாரிடம் போய்ப் பேசுவது? இப்போது பேசுகிறவர் வசந்தன். இவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும்.

"தனியா இருக்க கஷ்டமா இருக்குன்னு சொல்லியிருந்தா, ராத்திரி போன் பண்றேன், நீங்க லீவு நாள்ல அங்க வாங்கன்னு நானும் சொல்லியிருப்பேன்ல?"

பின்கட்டுக்குப் போய் வாளியையும் ரப்பர் குழாயையும் எடுத்து வந்தேன். வாளியை அவர் கையில் கொடுத்தேன்.

"எழுந்திருங்க. தண்ணி எப்படி மாத்தறதுன்னு காட்டறேன். காலையில எனக்கு வேன் வந்துரும்."

வாளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "உப்ப முதல்ல போடணுமா, கடைசியில போடணுமா?" என்று கேட்டார்.