ஒன்பதாம் நம்பரில் ஒரு சிவப்புக் கொடி

தேயிலைத் தோட்டத்தில் சிவப்புக் கொடி நட்டிருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. புல்லுக்கு மருந்து அடித்திருக்கிறது, உள்ளே கால் வைக்காதே என்று அர்த்தம். அதை நடுவதும் பிடுங்குவதும் மருந்துக் கங்காணி அமிர்தலிங்கம் ஒருவரின் வேலை. தோட்டத்தை நடத்தும் துரையே வந்தாலும் கொடியைக் கண்டால் சுற்றிக்கொண்டுதான் போவார். இருபத்தெட்டு வருஷமாகக் கொழுந்து வெட்டும் ருக்குமணிக்கு இது தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பிடுங்கினாள்.

பழி விழுந்தது அவள் புருஷன் தங்கராஜுவின் தலையில்.

தங்கராஜு கொழுந்துக் கங்காணி. எந்த மலையை எந்த நாளில் வெட்ட வேண்டும் என்று ஆட்களைப் பிரித்து அனுப்புகிறவர். ஒன்பதாம் நம்பர் மலையில் கொடி நின்றதைப் பார்த்தார். ஆட்களை அந்தப் பக்கமே விடவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினேழு நாள். கொழுந்து முத்தி, இலை விறைத்து, மலை பரட்டைத் தலையாக நின்றது. போன வியாழக்கிழமை ஜீப்பில் போன துரை யோகேந்திரன் அதைப் பார்த்துவிட்டு அங்கேயே இறங்கிவிட்டார்.

"நான் எட்டாம் நம்பர்லதான் நட்டேன் தொரை. ஒம்பதுக்கு மருந்தே அடிக்கல" என்று சத்தியம் செய்தார் அமிர்தலிங்கம். ஒன்பதில் நின்ற கொடியோ மழையில் அடையாளமெல்லாம் அழிந்து வெறும் சிவப்புத் துணியாகியிருந்தது. எட்டாம் நம்பர் கவ்வாத்து வெட்டி மொட்டையாகக் கிடந்ததால் அங்கே யாருக்கும் வேலையில்லை. அந்த மட்டில் எவர் உடம்புக்கும் கெடுதல் வரவில்லை. ஆனால் எட்டில் நட்ட கொடி ஒன்பதுக்கு எப்படி நடந்து போகும்? துரை யோசித்தார். யோசித்துத் தப்பாகக் கண்டுபிடித்தார்.

"ஆள் பத்தலன்னு நீயே கொடிய நட்டு ஒரு மலைய தள்ளி விட்டுட்டே லா, தங்கராஜு. திங்கக்கிழம ஆபீஸுக்கு வா. பதில் இல்லன்னா கங்காணி வேலை கிடையாது. பேக்டரியில தூசி கூட்டு."

இதைக் கேட்ட நாளிலிருந்து தங்கராஜுவுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கை வைப்பார், "என்னையா கள்ளன்னு சொன்னான்?" என்பார், எழுந்துவிடுவார். ருக்குமணி ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பாள். திறந்த வாயில் சோற்றை வைத்து அடைத்துக்கொள்வாள்.

விஷயம் இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் கோலாலம்பூரிலிருந்து சில பையன்கள் சொந்தமாகப் பாட்டுக் கட்டி வீடியோ எடுக்க வந்தார்கள். தலைவன் பெயர் குகனேஸ்வரன். தலைமுடியைக் கொண்டை போட்டிருந்தான். வேலை முடிந்து இறங்கிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தவன், ருக்குமணியைக் கை காட்டி, "அந்த ஆன்ட்டி நடையில ஒரு சோகம் இருக்கு" என்றான்.

ஐம்பத்தொரு வயதில் அவள் நடையைப் பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்பு அவள் மாமியார் சொன்னதுண்டு, "ஏன்டி யானை மாதிரி வர்றே" என்று. அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

சோகத்துக்குக் காரணம் வேறு. அவள் பூட்ஸில் ஓட்டை. தங்கராஜு அன்றைக்கு இனிப்பு நீருக்கு மருந்து வாங்க தானா ராத்தா டவுன் கிளினிக்குக்குப் போயிருந்ததால் அவருடைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு சைஸ் பெரியது. ஒவ்வொரு அடிக்கும் விரலால் இறுக்கிப் பிடிக்காவிட்டால் பூட்ஸ் பின்தங்கிவிடும். இதை அந்தப் பையனிடம் சொல்லவில்லை. சோகம் என்றானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

"மூஞ்சி தெரியுமா தம்பி?"

"முதுகு மட்டும்தான் ஆன்ட்டி."

அதுவும் நல்லதாகப் போயிற்று. பாட்டுக்காரப் பையன்களைத் தங்கராஜு முதல் நாளே, "வேலவெட்டி இல்லாத கொண்டைங்க" என்று சொல்லிவிட்டார். காதல் பாட்டில் பெண்டாட்டி நடந்தாள் என்று தெரிந்தால் லைன் வீடுகளில் ஒரு வருஷத்துக்குச் சிரிப்பு ஓயாது.

நடந்தாள். பையன் கேமராவில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "எல்லாமே பச்சையா இருக்கு. ஒரே ஒரு சிவப்பு இருந்தா…" என்று இழுத்தான். யார் கேட்டார்கள் அவளை? "இரு தம்பி" என்று சொல்லிவிட்டு எட்டாம் நம்பருக்கு இறங்கிப் போய், கொடியைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு ஒன்பதுக்கு ஏறி, பாறை ஓரமாக நட்டாள். படம் முடிந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்ற நினைப்பு. படம் முடியும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் வேனுக்குள் ஓடினார்கள். சூடாக மைலோ கொடுத்தார்கள். மைலோவில் கொடி மறந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய மகள் தனுஜா ஈப்போவிலிருந்து வந்தாள். காலேஜில் ஊடகம் படிக்கிறாள். ஒரு பாட்டு வீடியோவில் வரும் படிமங்களையும் மனநிலையையும் ஆராய்ந்து பத்துப் பக்கம் எழுத வேண்டுமாம். "நம்ம தோட்டத்துலயே எடுத்திருக்காங்கம்மா! லெக்சரருக்கே ரொம்பப் பிடிச்சிருச்சு" என்று ஹேண்ட்போனைத் தாயின் மூக்குக்கு நேரே நீட்டினாள். தங்கராஜு மூலையில் பழைய பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ருக்குமணி தன் முதுகைப் பார்த்தாள். பரவாயில்லை, அகலமாக இருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது.

"இந்தப் பொண்ணுக்கு ஏன் மூஞ்சியே காட்டல தெரியுமா? ஏன்னா இவ ஒரு ஆளே இல்ல."

"ஆள் இல்லயா?"

"இல்லம்மா. படிமம். ஒரு சமுதாயமே பாரத்த தூக்கிட்டு நடக்குற மாதிரி. அந்தக் கால் எடுத்து வைக்கிறத பாரேன். மூணு தலமுற பாரம்!"

ருக்குமணி வாசலில் கிடந்த பூட்ஸைப் பார்த்தாள். பெற்று வளர்த்து, பள்ளிக்கூட பஸ் வரைக்கும் தினமும் முன்னால் நடந்து கூட்டிப்போன பிள்ளைக்குத் தன் தாய் முதுகு தெரியவில்லை. தெரியாதது நல்லது என்று ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம் சுருக்கென்று இருந்தது. மூன்று பக்கம் எழுதியிருக்கிறாளாம், அந்த முதுகைப் பற்றி மட்டும்!

"இப்ப சிவப்புத் துணி. இது சொல்ல முடியாத காதல். அதுல ஏழுன்னு மங்கலா ஒரு நம்பர் இருக்கு பாரு. ஏழு ஜென்மம்."

பேப்பர் கீழே இறங்கியது.

"ஏழா? நிறுத்து, நிறுத்து!" தங்கராஜு பாய்ந்து வந்தார். திரையில் பாறையும் கொடியும் மட்டும் அசையாமல் நின்றன. "ஏய், இது அமிர்தலிங்கம் மவன் பந்து விளையாடுற சட்டை! அதக் கிழிச்சுத்தான் அவன் கொடி தச்சான்!"

ஹேண்ட்போனைப் பிடுங்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் லைனில் ஓடினார். அமிர்தலிங்கத்தின் வீட்டு வாசலில் இரண்டு கங்காணிகளும் அந்த ஒரே காட்சியை எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர்கள் மாதிரி தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். கொடி தொலைந்ததை வெளியே சொல்லாமல் புதிதாக ஒன்று தைத்து வைத்துக்கொண்டதை அமிர்தலிங்கமும் அப்போதுதான் ஒப்புக்கொண்டார். யாரோ கொடியை மாற்றி நட்டிருக்கிறார்கள், வீடியோ சாட்சி. போதாதா?

தங்கராஜு திரும்பி வந்து மூன்று தோசை சாப்பிட்டார். நான்கு நாளில் அதுதான் முதல் சாப்பாடு.

"ஏங்க…" என்றாள் ருக்குமணி.

"நாளைக்கு ஆபீஸ் டிவியில பெருசா போட்டுப் பாத்துடுவோம். எவன் எடுத்தான்னு தெரிஞ்சிடும். நீயும் வா. என் மானம் திரும்பி வர்றத பாரு" என்று நான்காவது தோசை கேட்டார். நான்காவது தோசை கேட்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது? மாவை ஊற்றினாள்.

திங்கள் காலை துரையின் அறையில் டிவி ஓடியது. துரை, கணக்கு எழுதும் கிராணி மகேஸ்வரன், அமிர்தலிங்கம், தங்கராஜு, விளக்கம் சொல்ல தனுஜா. கதவோரம் ருக்குமணி, சுவரோடு சுவராக.

முதலில் பனி. வெறும் பனி. அதில் தூரத்தில் ஒரு புள்ளி அசைந்து வந்தது.

"பனின்னா மறதி சார்" என்றாள் தனுஜா.

"ஆமா, நான்கூட ஒரு தடவ…" என்று ஆரம்பித்த துரை, ஆட்கள் இருப்பதை நினைத்து நிறுத்திக்கொண்டார். கிராணி மகேஸ்வரன் கண்ணைத் துடைத்தார். பாட்டு அப்படி இழுத்தது.

அடுத்த காட்சியைப் பார்த்ததும் ருக்குமணி சுவரை இன்னும் ஒட்டிக்கொண்டாள். அந்தக் கொண்டைக்காரன் கேமராவை நிறுத்தவே இல்லை. மொட்டை மலையில் அவள் குனிந்து கொடியைப் பிடுங்குகிறாள். தோளில் சாய்க்கிறாள். பச்சை மலைக்கு ஏறுகிறாள். எல்லாம் முதுகுப் பக்கமாக, எல்லாம் மெதுவாக.

"சாவுலேருந்து வாழ்க்கைக்குப் போறா" என்றாள் தனுஜா.

"எட்டுலேருந்து ஒம்பதுக்குப் போறா!" என்று கத்தினார் அமிர்தலிங்கம். "பாருங்க தொரை, பிடுங்கறத!"

துரை எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். "அப்ப நீ சொன்னது நெசந்தான் தங்கராஜு. சரி, யாரு இவ? உன் கேங்குதானே? முதுக வச்சே சொல்லிடுவியே. பேர சொல்லு, உன் மேல கேஸ் இல்ல. கொடிய தொட்டவளுக்கு இன்னையோட வேல இல்ல."

எல்லாரும் தங்கராஜுவைப் பார்த்தார்கள். காலையில் பவுடர் போட்டு, கல்யாணச் சட்டை மாட்டிக்கொண்டு வந்த மனுஷன். மானம் திரும்பி வருவதைக் காட்டப் பெண்டாட்டியைக் கூட்டி வந்தவர். டிவியைப் பார்த்தபடி நின்றார்.

"தெரியல தொரை."

"என்ன லா தெரியல? நல்லா பாரு."

"பனியா இருக்கு. யாரோ வெளியாளு."

"வெளியாளு தோட்டத்து வேலைக்காரி மாதிரி தலையில துணி கட்டிட்டு வருவாளா? அப்ப பழையபடி உன் மேலதான் வரும், பாத்துக்க."

"வரட்டும்" என்றார் தங்கராஜு. "நான்தான் நட்டேன்னு எழுதிக்குங்க."

அமிர்தலிங்கம் வாயைப் பிளந்தார். நாலு நாளாக இந்தப் பழியைத் தாங்காமல்தானே இந்த மனுஷன் பட்டினி கிடந்தார்! ருக்குமணிக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது, புருஷன் மேல், கொண்டைக்காரன் மேல், மைலோ மேல், எல்லாவற்றுக்கும் மேல் தன் மேல்.

விறுவிறுவென்று வந்து புருஷன் முன்னால் நின்றாள். "அந்த பூட்ஸ கழட்டுங்க."

"சும்மா இரு ருக்கு."

"கழட்டுங்கன்னா!"

கழற்றினார். துரை அறையில், கல்யாணச் சட்டையோடு, ஓட்டைக் காலுறையில் நின்றார். ருக்குமணி பூட்ஸுக்குள் காலை விட்டாள். எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பினாள். மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, துரையின் மேசையிலிருந்து கதவு வரைக்கும் நடந்தாள். விரல் இறுக, குதிகால் இழுபட, தொப்பு தொப்பென்று, முழுச் சோகத்தோடு.

டிவியிலும் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

"அம்மா!" என்றாள் தனுஜா.

"மூணு தலமுற பாரமில்லடி" என்றாள் ருக்குமணி, திரும்பாமலே. "ரெண்டு சைஸ் பெரிசு."

முதலில் சிரித்தது கிராணிதான், அழுத கண்ணோடு. பிறகு அமிர்தலிங்கம். துரை சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். படப்பிடிப்புக்கு அனுமதி கொடுத்தவர் அவர். கூட ஒரு கங்காணியை அனுப்ப மறந்தவரும் அவர். வேலையை விட்டு நிறுத்தினால் அந்தக் கதையும் மேலிடத்துக்குப் போகும். அதனால் அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், கொடி தொலைந்ததை மறைத்த அமிர்தலிங்கத்துக்கு இன்னொன்று. "ஒம்பதாம் நம்பர நீயே நின்னு வெட்டி முடி" என்று ருக்குமணியை அனுப்பினார். தங்கராஜு கங்காணியாகவே வெளியே வந்தார். அறைக் கதவு மூடியதும் உள்ளே பாட்டு மறுபடியும் முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.

தனுஜா பத்துப் பக்கத்தையும் எப்படித் திருத்துவது என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒன்பதாம் நம்பருக்கு ஏறினார்கள். பூட்ஸ் அவரவர் காலுக்குத் திரும்பியிருந்தது. கொழுந்து வெட்டும் கத்தரி அவள் தோளில்.

பாதி வழியில் அவள்தான் ஆரம்பித்தாள், குறையாக.

"பூட்ஸ பாத்துத்தானே கண்டுபிடிச்சீங்க? நீங்க ஒட்டுப் போட்டது தெரியுதே."

"பூட்ஸ அவன் கடைசியிலதான் கிட்டத்துல காட்டுறான்" என்றார் தங்கராஜு. அவர் பார்வை மலை மேல் இருந்தது. "மொதல்ல பனியில ஒரு புள்ளி வந்துச்சுல்ல. அப்பவே தெரிஞ்சிடுச்சு."

"அந்தப் புள்ளியில என்ன தெரியும்?"

"என்ன தெரியும்னா? நீ வர்றது எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தார். "நட நட, மழை வருது."

ருக்குமணி முன்னால் நடந்தாள். காலில் அவளுடைய சொந்த பூட்ஸ்தான், அளவானதுதான். ஆனால் பின்னால் அவர் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று நினைத்ததும் அவளுக்கு எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்றே தெரியவில்லை.