மூன்றாவது கட்டம்

ஜூலை மாதத்தில் அந்த அலுவலகத்தில் எல்லோரும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெளியே வாஷிங்டன் வெந்துகொண்டிருக்கும். உள்ளே விரல் விறைக்கும். நாட்டில் ஏறிக்கொண்டே போகும் வெப்பத்துக்கு என்ன செய்யலாம் என்று அதிபருக்கு எழுதித் தருகிற அலுவலகம் அது. குளிரைக் குறைக்கச் சொல்லி வாரம் ஒருமுறையாவது கட்டடப் பராமரிப்பு ஆளான என்னைக் கூப்பிடுவார்கள். நான் ஏணி போட்டு ஏறி, கூரைப் பலகையை நகர்த்திப் பார்த்துவிட்டு இறங்குவேன். குளிரைக் கூட்டுவதும் குறைப்பதும் வேறொரு கட்டடத்தில் இருக்கிற கம்ப்யூட்டர். என் கையில் ஒன்றுமில்லை. ஆனாலும் ஏறுவேன். யாரோ வந்து பார்த்தார்கள் என்பதில் அவர்களுக்கு ஒரு ஆறுதல்.

அங்கே என் பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிடுகிறவர் அதிபருக்கான தாள்களை எழுதுகிற நதீன் ஹாலோவெல் ஒருவர்தான். மார்ச் மாதம் ஒருநாள் ஏணிக்குக் கீழே வந்து நின்றார்.

"மிஸ்டர் புரூயிட், உங்க தம்பி ரோட்டு வேலைன்னு சொன்னீங்கல்ல? போன வருஷம் மயங்கி விழுந்தாரே, அதை எனக்குக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

சொன்னேன். ஜார்ஜியாவில் தார் போடுகிற வேலை. ஆகஸ்டில் வண்டிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். மூன்று நாள் ஆஸ்பத்திரி. சிறுநீரகம் பாதி போய்விட்டது, இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்றார் டாக்டர். பதினோராம் நாள் கிளியான் மறுபடியும் தார் வண்டிக்குப் பின்னால் நடந்தான்.

நதீன் அதை அப்படியே எழுதிக்கொண்டார். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு மணிக்குப் பத்து நிமிட ஓய்வு, நிழல், தண்ணீர். இவ்வளவுதான் அவருடைய தாள். அதிபர் சம்மதித்தால் கோடை முற்றுவதற்குள் நாடு முழுக்க அமலாகிவிடும் என்றார்.

அந்தத் தாள் பதினொரு அலுவலகங்களுக்குப் போய் வந்தது. போகிற இடமெல்லாம் ஒருவர் கையெழுத்துப் போட்டு இரண்டு வரி வெட்டினார். அதிபருக்குப் போகிற தாள் இரண்டு பக்கத்தைத் தாண்டக்கூடாது. கிளியான் இருந்த பத்தி ஆறாவது அலுவலகத்தில் போய்விட்டது. நதீன் அதை என்னிடம் காட்டினார். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அந்தப் பத்தியை மெதுவாகப் படித்தேன். மேலே கோடு போட்டிருந்தாலும் என் தம்பி பெயர் தெரிந்தது.

"ஆளு போனா போகட்டும், ஓய்வு இருக்குல்ல மேடம்?"

"இருக்கு. அதை மட்டும் நான் விடமாட்டேன்."

தாளின் அடியில் கட்டங்கள் இருக்கும். அதிபர் ஒன்றில் குறி போடவேண்டும். சம்மதம், சம்மதமில்லை, பேசுவோம். நதீன் முதல் இரண்டை மட்டும் போட்டு அனுப்பியிருந்தார். முறைப்படி இல்லையென்று திரும்பி வந்தது. அன்றைக்கும் நான் ஏணியில்தான் இருந்தேன். அலுவலகத் தலைவர் விட்காம் நதீனின் மேஜைக்கு வந்தார்.

"என்னம்மா நதீன், அதிபருக்கே பரீட்சை வைக்கிறியா? மூணாவது கட்டத்தையும் போடு."

"வெச்சா அதுலதான் சார் போடுவாரு. இந்த மூணு வருஷத்துல அந்தக் கட்டத்துல விழுந்தது ஒண்ணாவது நடந்திருக்கா?"

"இது அவருக்குப் பிடிச்ச விஷயம். சாயங்காலத்துக்குள்ள போகலைன்னா வெளிநாடு கெளம்பிடுவாரு. அப்புறம் உன் இஷ்டம்."

நதீன் மூன்றாவது கட்டத்தைப் போட்டார்.

சனிக்கிழமை கிளியானிடம் போனில் சொன்னேன். "மேல போயிடுச்சுடா. ஆயிடும்."

"என்னண்ணே, பல்பு மாட்டப் போன எடத்துல நாட்டையே ஆளுற போலிருக்கு?" என்று சிரித்தான். பிறகு மெதுவாக, "நெசமாவாண்ணே?" என்றான்.

ஒன்பது நாள் கழித்துத் தாள் திரும்பி வந்தது. நதீன் பிரித்தார். தடித்த கறுப்புப் பேனாவில் ஒரு குறி, மூன்றாவது கட்டத்தில். யாரோ பின்னாலிருந்து, "வேண்டாம்னு சொல்லலையே!" என்று கை தட்டினார்கள். விட்காம் உள்ளே போய் போன் பேசிவிட்டு வந்தார். அதைப் பற்றிப் பேச அதிபருக்கு நேரம் கிடைத்த நாள் செப்டம்பர் இருபத்துநான்கு.

நதீன் என்னிடம் வந்தார். கம்பளிச் சட்டையின் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கட்டத்தைப் போட்டது நான்தான் மிஸ்டர் புரூயிட்."

"விடுங்க மேடம். போடலைன்னா தாளே போயிருக்காது."

"உங்க தம்பிகிட்ட என்ன சொல்வீங்க?"

அன்றைக்கு ராத்திரியே போன் போட்டேன்.

கிளியானிடம் தேதியைச் சொன்னேன். "சரி, செப்டம்பர் வரைக்கும் சூரியனை லீவுல போகச் சொல்றேன்," என்றான். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலை.

மறுநாளிலிருந்து மதியம் பன்னிரண்டு மணிக்கு அவனுக்கு போன் செய்ய ஆரம்பித்தேன். போன் பேசவேண்டுமென்றால் வண்டியை விட்டு விலகி நிற்கவேண்டும். விலகி நின்றால் மரத்தடிக்குப் போவான். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருகிறது என்று மேஸ்திரியிடம் சொல்லிவைத்திருந்தான். சொல்ல எனக்கு எதுவுமில்லை. காலையில் என்ன தின்றான், தண்ணீர் குடித்தானா, கால் வீங்கியிருக்கிறதா. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் இழுப்பேன்.

"அண்ணே, நீ பேசுறது தாலாட்டு மாதிரி இருக்கு. நின்னுட்டே தூங்கிடுவேன்."

"தூங்குடா. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

எட்டு நாள் இப்படி நடந்தது. ஒன்பதாம் நாள் மேஸ்திரி எடுத்தார்.

"ஆஸ்பத்திரியா? எந்த ஆஸ்பத்திரி தினம் பன்னெண்டு மணிக்குக் கரெக்டா கூப்பிடுது?"

"ஐயா, நான் அவன் அண்ணன். அவனுக்கு ஏற்கெனவே ஒருதடவை..."

"எல்லாருக்கும்தான் ஏதோ ஒண்ணு இருக்கு பெரியவரே. தார் ஆறிப்போச்சுன்னா அண்ணன் வந்து பரப்புவாரா? நாளையிலேர்ந்து போனெல்லாம் என் வண்டிப் பெட்டியில. ஓய்வு குடுக்கணும்னு விதி எதாச்சும் இருந்தா காட்டுங்க, நானே நிழல்ல கட்டில் போட்டுத் தர்றேன்."

அந்த விதி இன்னும் மூன்றாவது கட்டத்திலேயே இருந்தது.

அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டேன். அணைத்து வைத்திருந்தார்கள். ஜார்ஜியாவில் அன்றைக்கு வெயில் எவ்வளவு என்று நதீனின் சுவரில் தொங்குகிற திரையின் வரைபடம் காட்டியது. அந்த மாநிலம் முழுக்கக் கருஞ்சிவப்பு. மறுபடியும் கூப்பிட்டேன். பத்து நிமிடத்துக்குள் ஏழு தடவை.

"ஹலோ மிஸ்டர்," என்று யாரோ கூப்பிட்டார்கள். "ஜன்னல் பக்கம் ரொம்பக் குளிருது. கொஞ்சம் பாருங்களேன்."

ஏணியை எடுத்துக்கொண்டு போனேன்.