சிந்திய தீவனம்

…அதுவும் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த மூன்றே மாதத்தில். ஆறு வருஷம் எலி ஈரலோடு மல்லுக்கட்டியவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்க, நேற்று பெய்த மழையில் இன்று முளைத்த காளான் மேடையில் நின்று படம் காட்டுகிறது, பேராசிரியர் வேறு தலையைத் தலையை ஆட்டுகிறார், அவள் பேசும்போது ஒரு நாளாவது கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்திருப்பாரா… பொறாமைதான், இல்லையென்று யாரிடம் சத்தியம் செய்யப்போகிறாள், வயிறு பற்றி எரிகிறது. எலியைப் பட்டினி போட்டால் ஈரல் கொழுப்பை எரிக்கும், அந்தக் கொழுப்பை செல்லின் உலைக்குள் விடுகிற வாசல்காரன் ஒரு நொதி, பட்டினியில் வேகம் கூடும், சாப்பிட்டால் அடங்கும், இதை நிரூபிக்கத்தானே ஆறு வருஷமும் வந்த இரண்டு வரன்களும் போயின. இவன் என்னடாவென்றால் பட்டினியிலும் நொதி கூடவில்லையாம், அக்கா கணக்கில் எங்கேயோ பிசகு இருக்கலாமாம், அதையும் எவ்வளவு பணிவாகச் சொல்கிறான், அந்தப் பணிவைத்தான் சகிக்க முடியவில்லை.

எப்படியடா கூடும்? தீவனத் தட்டை எடுத்தாய், கூண்டில் விரித்த மரத்தூளை மாற்றினாயா? எலி தின்பதைவிடச் சிந்துவது அதிகம், பட்டினி என்று சீட்டு ஒட்டிய கூண்டுக்குள் தூளைக் கிளறிக் கிளறி விருந்தல்லவா சாப்பிட்டன. அவள் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால், தன் எலிகளைப் பார்க்கப் போன இடத்தில், இரண்டு கண்ணாலும் பார்த்தாள். போய்ச் சொல்லத்தான் நினைத்தாள், அன்று காலையில்தான் பேராசிரியர் இவனை எல்லோர் முன்னாலும் தட்டிக்கொடுத்திருந்தார், எனக்கென்ன வந்தது என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

யாருக்காவது கேள்வி உண்டா என்றார் பேராசிரியர். கேட்டால் வயிற்றெரிச்சலில் கேட்கிறாள் என்பார்கள், கேட்காவிட்டால் பொய் அச்சேறும், ஆறு வருஷமும் அதன் அடியில் புதையும்… கை தானாகவே உயர்ந்துவிட்டது.

“தம்பி, பட்டினி போடறதுக்கு முன்னாடி மரத்தூளை மாத்தினியா?”

அவன் முகம் வெளிறியது. “இல்லக்கா… மாத்தணுமா?”

அரங்கில் சலசலப்பு, பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், அவளுக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி, வெட்கமில்லாத குளிர்ச்சி. அவன் மேடையை விட்டு இறங்கி நேராக அவளிடம்தான் வந்தான், கோபத்தைக் காணோம்.

“நல்லவேளைக்கா, திங்கக்கிழமை கட்டுரையை அனுப்பறதா இருந்தோம். எப்பக்கா தோணிச்சு உங்களுக்கு?”

இப்போதுதான் என்றாள். உடனே நம்பிவிட்டான். பயத்தில் சொல்லாமல் விட்டாளா, வெறுப்பிலா, இல்லை… அந்த எலி அறையில் அவளும் கூண்டுகளும் மட்டும்தான் இருந்தார்கள், அவன் தவறு வெளிப்படுவதைப் பார்க்க ஒரு ஆள்கூட இல்லை, அதனால்தானா இந்த மூன்று வாரமும் காத்திருந்தாள்?