இருட்டில் வைத்த செம்பருத்தி

ஒரு செடியை இருட்டில் பட்டினி போடத் திருவண்ணாமலையில் தீபத்தைவிட மோசமான சமயம் கிடையாது. ரேணுகாம்பாளுக்கு இது தெரியாமல் இல்லை. இதே ஊரில் பிறந்து, இதே ஊரில் கட்டிக்கொடுக்கப்பட்டு, இதே ஊர்ப் பெண்கள் பள்ளியில் இருபது வருடமாக உயிரியல் நடத்துகிறவர். ஆனால் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வரும் நாளை அவரைக் கேட்டா குறித்தார்கள்? தீபத்துக்கு விட்ட விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற அன்றே வருகிறார் என்று தலைமையாசிரியர் சரவணகுமார் சொல்லிவிட்டார்.

அதிகாரி வருவது உயிரியல் ஆய்வகத்தைப் பார்க்க. அந்த அறை மேல் சரவணகுமாருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். ஸ்மார்ட் கிளாசுக்கான புரொஜெக்டரும் திரையும் வந்து, பிரிக்காத பெட்டியோடு அவர் அறையில் காலை இடறிக்கொண்டிருந்தன. "ஆய்வகம்னு பேருதான். உள்ள ஒரு எலும்புக்கூடும் பாட்டில்ல நாலு பாம்பும் இருக்குது. பசங்களுக்கு வீடியோ போட்டுக் காட்டுனா போதும் மேடம்" என்பார். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. பல வருடமாக அங்கே சோதனை என்றால், புத்தகத்தில் இருக்கும் முடிவை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவதுதான்.

இந்த வருடம் அது மாறியது. ஜூன் மாதம் ப்ளஸ் ஒன் வகுப்பில் மெஹ்ஜபீன் என்ற பெண் எழுந்து நின்று, "மிஸ், செல்லுன்னு ஒண்ணு நெஜமாவே இருக்குதா? நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். கேலி இல்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பத்தாம் வகுப்பில் அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். ரேணுகாம்பாளுக்கு முகம் சுட்டது. மறுநாளே நுண்ணோக்கியைத் தூசி தட்டி, வெங்காயத் தோலை உரித்து வைத்தார். பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குனிந்து, "ஐயோ, செங்கல் அடுக்குன மாதிரி இருக்குது மிஸ்!" என்று கத்தினார்கள். அந்தக் கத்தலை அவர் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டார். அதற்குப் பிறகு அந்த அறையை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. ஆய்வகம் உருப்படியாக நடக்கிறது என்று அதிகாரி எழுதிவிட்டால் அறை பிழைக்கும். இல்லையென்றால் புரொஜெக்டருக்குப் போகும்.

அதிகாரிக்குக் காட்ட அவர் எடுத்துக்கொண்டது இலையில் மாவுச்சத்து பார்க்கும் சோதனை. வெயிலில் செடி மாவுச்சத்தைச் செய்து இலையில் சேர்க்கிறது. இருட்டில் போட்டால் சேர்த்ததைத் தின்று தீர்த்துவிடும். அதனால் செம்பருத்தித் தொட்டியை முதலில் இரண்டு நாளாவது இருட்டில் வைத்து இலையைக் காலி செய்ய வேண்டும். பிறகு ஒரு இலையின் நடுவே கருப்புக் காகிதப் பட்டையைச் சுற்றி வெயிலில் வைக்க வேண்டும். சில மணி நேரம் கழித்து அதைப் பறித்து, பச்சை நிறம் போக ஸ்பிரிட்டில் வெளுக்கவைத்து, அயோடின் விட வேண்டும். வெயில் பட்ட இடம் கருநீலமாகும். பட்டை மறைத்த இடம் ஆகாது. சின்னப் பிள்ளைக்கும் புரிகிற சோதனை.

விடுமுறைக்கு முதல் நாள் இரண்டு தொட்டிகளை ஆய்வகத்தை ஒட்டிய ஸ்டோர் ரூமில் வைத்து, ஜன்னலுக்குச் சாக்கு கட்டினார்கள். தீப பந்தோபஸ்துக்கு வெளியூரிலிருந்து வரும் பெண் போலீசார் வழக்கம்போல் இந்தப் பள்ளியில்தான் தங்கப்போகிறார்கள். அதனால் வாட்ச்மேன் அப்பாசாமியைக் கூப்பிட்டு, "ஸ்டோர் ரூமை மட்டும் யாருக்கும் தொறந்துவுடாதீங்க" என்று ரேணுகாம்பாள் சொல்லிவிட்டுப் போனார். "நான் பாத்துக்கறேம்மா" என்றார் அப்பாசாமி.

பள்ளி திறந்த அன்று காலையில் தொட்டிகள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. மெஹ்ஜபீன் தொட்டி மண்ணில் விரலை வைத்துப் பார்த்து, "ஈரமா இருக்குது மிஸ்" என்றாள்.

"இருட்டுல எங்கம்மா காயும்? சீக்கிரம் பட்டையைக் கட்டு" என்று அவளை விரட்டினார் ரேணுகாம்பாள். அன்றைக்கு அவருக்குத் தலைக்கு மேல் வேலை.

மதியச் சாப்பாடு முடிந்து அதிகாரி அருண்பிரசாத் வந்தார். சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். பக்கத்தில் சரவணகுமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மெஹ்ஜபீன் பட்டையைப் பிரித்து, இலையைக் கொதிநீரில் முக்கி, ஸ்பிரிட்டில் வெளுக்கவைத்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் விரித்தாள். அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். வெயில் பட்ட இடம் கருத்தது. பட்டை போட்ட இடமும் கருத்தது.

தட்டு மேஜை மேல் இருந்தது. அதிகாரி உட்கார்ந்திருந்த இடத்துக்கு அது சரியாகத் தெரியாது. அவர் போனைப் பார்த்தபடியே, "ம், என்னம்மா ரிசல்ட்?" என்று கேட்டார்.

"மூடிய பகுதி நிறம் மாறவில்லை! மூடாத பகுதி கருநீலமாக மாறியது! எனவே ஒளிச்சேர்க்கைக்கு ஒளி அவசியம்!"

வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் ஒப்பித்தது. கண்ணெதிரே கரியாய்க் கிடக்கிற இலையைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தது.

"வெரி குட்" என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

ரேணுகாம்பாள் அப்போது வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் போதும். ஆனால் மெஹ்ஜபீன் மட்டும் மற்றவர்களோடு சேர்ந்து சொல்லவில்லை. அவள் இலையைப் பார்த்தாள், பிறகு மிஸ்ஸைப் பார்த்தாள். எதைச் சொல்ல வேண்டும் என்று கேட்கிற பார்வை. ரேணுகாம்பாளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. ஒப்பிக்கத்தான் போகிறார்கள் என்றால் அதற்கு எதற்கு ஒரு ஆய்வகம்? அதை வகுப்பறையிலேயே உட்கார்ந்து செய்யலாமே.

"இலையப் பாத்துச் சொல்லும்மா" என்றார்.

"பூரா கருப்பா இருக்குது சார். பட்டை போட்ட எடமும்" என்றாள் மெஹ்ஜபீன்.

அதிகாரி எழுந்து வந்து தட்டைப் பார்த்தார். "அப்போ எக்ஸ்பெரிமென்ட் ஃபெயிலா?"

"அப்டி இல்ல சார். இலை காலியாவே ஆவல. செடி இருட்டுல இருந்திருக்காது. காலையில மண்ணு ஈரமா இருந்துச்சு. யாரோ வெளிய எடுத்துத் தண்ணி ஊத்தியிருக்காங்க."

எல்லோரும் வாசலில் நின்ற அப்பாசாமியைப் பார்த்தார்கள். அவர் தலையைச் சொறிந்தார்.

"தீபத்தன்னிக்கு அந்த போலீஸ் பொண்ணுங்க எல்லா ரூமுக்கும் வெளக்கு வெச்சாங்கம்மா. அன்னிக்குன்னு பாத்து ஒரு ரூமை இருட்டா போட்டு வெக்க முடியுமா? நான்தான் தொறந்துவுட்டேன். செடிய இப்டி அடைச்சு வெச்சிருக்காங்களேன்னு அவங்களுக்கு மனசு கேக்கல. எடுத்து வெளிய வெச்சாங்க. அதுலேர்ந்து வெயில்லதான் இருந்துச்சு, தண்ணியும் ஜாஸ்தியாவே ஊத்துனாங்க. இன்னிக்கு விடிகாலைல கெளம்பும்போது பத்திரமா உள்ள வெச்சுட்டுப் போயிட்டாங்க."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். மெஹ்ஜபீனிடம் பேரைக் கேட்டு, "நல்லா கவனிக்கிறம்மா" என்று மனசாரவே பாராட்டினார். பாராட்டிவிட்டு, செய்து காட்டிய சோதனையில் எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்று எழுதினார். அவர் பார்த்ததைத்தான் அவரும் எழுதினார், குறை சொல்ல முடியாது.

"இதத்தான் சார் நான் சொல்றேன்" என்றார் சரவணகுமார். "வீடியோல தப்பே வராது."

பொங்கலுக்கு முன்பே ஸ்டோர் ரூமோடு சேர்ந்து அறை கைமாறியது. எலும்புக்கூடு மாடிப்படிக்கு அடியில் போய் நின்றது. நுண்ணோக்கிகள் ஆசிரியர் அறை பீரோவின் மேலே ஏறின. ரேணுகாம்பாள் அன்று வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போது அழுதார். என்னவென்று கேட்ட கணவரிடம் சொல்லவும் பிடிக்கவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் மெஹ்ஜபீன் ஒரு செம்பருத்தித் தொட்டியோடு ஆசிரியர் அறை வாசலில் நின்றாள்.

"மிஸ், இன்னொரு வாட்டி செய்யலாமா?"

"எங்கம்மா செய்யறது? ஸ்டோரும் போயிடுச்சே. எந்த ரூம்ல வெப்பே?"

"ஸ்மார்ட் கிளாஸ்ல மிஸ். படம் நல்லா தெரியணும்னு எல்லா ஜன்னலுக்கும் கருப்புத் துணி போட்டுட்டாங்க. பகல்லயே கை தெரியல."

ரேணுகாம்பாள் போய்ப் பார்த்தார். உண்மைதான். பழைய ஸ்டோர் ரூமெல்லாம் இந்த இருட்டுக்கு முன்னால் நிற்க முடியாது. சரவணகுமாரிடம் அனுமதி கேட்டபோது, அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒயர் மேல தண்ணி சிந்தாம பாத்துக்கங்க மேடம்" என்றார். தொட்டி திரைக்குப் பின்னால், மேஜைக்கு அடியில் போயிற்று. அதற்கு முன்னால் உட்கார்ந்து பத்தாம் வகுப்பு ஒளிச்சேர்க்கை வீடியோ பார்த்தது. வீடியோவில் பட்டை போட்ட இடம் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக நிறம் மாறாமல் நின்றது.

இலையைப் பறித்த அன்று குழாயடிக்குப் பக்கத்து வராந்தாவில் தட்டை வைத்தார்கள். மேஜை இல்லாததால் எல்லோரும் தரையில் குந்தியிருந்தார்கள். மெஹ்ஜபீன் அயோடின் பாட்டிலைத் திறந்து சொட்டு விட்டபோது சரவணகுமார் அந்த வழியாக வந்தார். நின்றார்.

"என்னம்மா, இந்த வாட்டியாவது ரிசல்ட் கரெக்டா வந்துச்சா?"

எல்லாத் தலையும் தட்டின் மேல் குனிந்தன.

"இருங்க சார்" என்றாள் யாரோ ஒருத்தி, நிமிராமலே. "பாத்துட்டு சொல்றோம்."